ஏவல் இல்லாத நாள்

நான் செய்த வேலை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. உழுதல், விதைத்தல், அறுத்தல், கதிரடித்தல், மாவு பிசைதல், ஆட்டு மயிர் கத்தரித்தல், நூல் நூற்றல், முடிச்சுப் போடுதல், முடிச்சு அவிழ்த்தல், இரண்டு எழுத்து எழுதுதல், நெருப்பு மூட்டுதல், நெருப்பு அணைத்தல் என்று நீண்டுபோகிறது அது. மொத்தம் 39. ஓய்வுநாளில் யூதர் செய்யக்கூடாத வேலைகளை, ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டநூலில் இப்படி எண்ணி வைத்திருக்கிறார்கள். 90 வயதைத் தாண்டிய ஒரு பாட்டியைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்காரவைப்பது, உடை மாற்றுவது, நள்ளிரவில் இடுப்பில் கைகொடுத்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, வேண்டாம் என்று முகம் திருப்பும்போது கெஞ்சி மாத்திரை கொடுப்பது எதுவும் அதில் கிடையாது. ஒரு யூதப் பெண் என் இடத்தில் இருந்து இதையெல்லாம் செய்திருந்தாலும் ஓய்வுநாளை மீறியவள் ஆகமாட்டாள். விளக்கைப் போட்டால் ஆகிவிடுவாள்.

முதுகு ஒடிகிற வேலை வேலையில்லை; ஒற்றை விரலால் சுவிட்சைத் தட்டுவது வேலை. இந்தக் கணக்கு பிடிபட எனக்கு வெகுகாலம் ஆனது. பிடிபட்ட பிறகும் அதை நான் முழுக்க ஒப்புக்கொள்ளவில்லை.

எருசலேமில் ரெஹாவியாவும் ஷாரே ஹெசெதும் தொட்டுக்கொள்ளும் ஒரு தெருவில் அந்த வீடு இருந்தது. ரெஹாவியா, ஜெர்மனியிலிருந்து வந்த பேராசிரியர்களும் மருத்துவர்களும் குடியேறிய பகுதி. ஷாரே ஹெசெத், கறுப்புக் கோட்டுப் பக்தர்களின் குறுகிய சந்துகள். பாட்டி இரண்டுக்கும் சொந்தக்காரர். ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்து, சிறுமியாக 1930களில் பெற்றோருடன் இங்கே வந்தவர். ஜெர்மன் யூதர்களை இங்கே யெக்கே என்று கேலியாக அழைப்பார்கள். நேரம் தவறாமைக்கும் ஒழுங்குக்கும் பேர்போனவர்கள். காலை ஆறரைக்குக் காபி என்றால் ஆறு முப்பத்தொன்றுக்கு அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பார். இறைச்சிக்கு ஒரு தொட்டி, பாலுக்கு ஒரு தொட்டி. இறைச்சிப் பாத்திரத்துக்குச் சிவப்புக் குறி, பால் பாத்திரத்துக்கு நீலக் குறி. கோழிக் குழம்பு சாப்பிட்டால் மோருக்கு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். மற்ற பலர் ஆறு மணி நேரம் காப்பார்கள், யெக்கேக்களுக்கு மூன்றுதான் என்பதில் நான் அதிர்ஷ்டசாலி. பஸ்கா வாரத்தில் அந்த வீட்டுக்குள் அரிசியே வரக்கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரிக்கு அந்த ஒரு வாரம் எப்படிப் போயிருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமைக் குழந்தைகள் வகுப்புக்கே ஓய்வுநாள் பாடசாலை என்றுதான் பெயர். அன்று அம்மா கடைக்குப் போகமாட்டார். மீன் சனிக்கிழமையே வந்துவிடும். ஆனால் அந்தப் பாடசாலையில் நாங்கள் கற்ற முதல் வில்லன்கள் பரிசேயர்கள். பசித்த சீஷர்கள் கதிர் கொய்து தின்றதற்குக் குற்றம் பிடித்தவர்கள், சூம்பின கைக்காரனை ஓய்வுநாளில் சொஸ்தமாக்கியதற்கு முகம் சுளித்தவர்கள். பரிசேயர் என்றால் மாயக்காரர். வெளியே சட்டம், உள்ளே ஒன்றுமில்லை. இந்தப் பாடத்தோடுதான் நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். முதல் வெள்ளிக்கிழமையே அதற்கு ஏராளமான சாட்சியம் கிடைத்தது.

சூரியன் மறைவதற்கு 40 நிமிடத்துக்கு முன் எருசலேம் முழுக்கச் சங்கு ஒலிக்கும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். மின்தட்டின் மேல் சமைத்த பாத்திரங்களை ஏற்றிவைப்போம். சனி மதியம்வரை அது அணையாமல் சூடாக இருக்கும். வெந்நீர்க் கொதிகலனும் அப்படியே. குளிர்சாதனப் பெட்டியின் உள்ளே இருக்கும் சின்ன பல்பைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கதவைத் திறப்பதே விளக்குப் போடுவதாகிவிடும். கழிப்பறைக் காகிதத்தை முன்கூட்டியே துண்டு துண்டாக வைக்க வேண்டும், கிழிப்பதும் வேலை என்பதால். விளக்குகள் ஒரு கடிகாரத்தோடு இணைந்திருக்கும். பத்தரைக்கு அதுவே அணைத்துவிடும். அடுத்த கட்டடத்தில் ஒரு லிஃப்ட் இருந்தது. ஓய்வுநாள் முழுக்க யாரும் பொத்தானைத் தொடாமலே ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறி இறங்கும். ஊரைச் சுற்றிலும் கம்பங்கள் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள்; அந்தக் கம்பிக்குள் இருக்கும்வரை ஊர் முழுவதும் ஒரே வீடு மாதிரி, கையில் சாமான் எடுத்துப் போகலாம். கம்பி அறுந்திருக்கிறதா என்று வாராவாரம் ஆள் போய்ப் பார்க்கிறார்.

யாரை ஏமாற்றுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. மனுஷரையா, கர்த்தரையா?

மின்சாரத்தைப் பற்றிய சண்டையைக் கேட்டால் சந்தேகம் இன்னும் கூடும். பல்பின் இழை சிவக்கச் சூடாகிறது, ஆகவே அது நெருப்பு என்பது பெரும்பாலான ரப்பிகளின் நிலை. இழையே இல்லாத எல்.இ.டி. விளக்குக்கு? பினே பிராக் நகரில் வாழ்ந்து 1953-ல் காலமான ஹஸோன் இஷ் என்ற பேரறிஞர், மின்சுற்றை முழுமையாக்குவது ஒன்றைக் கட்டி எழுப்புவதற்குச் சமம் என்று வாதிட்டார். கட்டுதல் 39-ல் ஒன்று. எங்கள் பக்கத்துச் சந்தில், ஷாரே ஹெசெதில் வாழ்ந்த ரப்பி ஷ்லோமோ சல்மான் ஆவர்பாக், 1995-ல் காலமானவர், அந்த வாதத்தை ஏற்கவில்லை. சூடோ வெளிச்சமோ இல்லாத மின்கருவியை எந்த விலக்கின் கீழும் உறுதியாகக் கொண்டுவர முடியாது என்று கண்டார். ஆனாலும் தொடாதீர்கள் என்றார், மக்கள் எல்லோரும் அப்படி நடந்துகொள்வதால். எந்த விதி என்றே உறுதியில்லாத ஒரு விதியை லட்சக்கணக்கானோர் வாரந்தோறும் கடைப்பிடிக்கிறார்கள்.

இதையெல்லாம் ஒரு நாள் பாட்டியிடமே கேட்டேன். கேட்டது நானாக இருந்தாலும் பதில் சொன்னது ஒருவகையில் அவருடைய ஊர்க்காரர் ஒருவர். ஃபிராங்க்ஃபர்ட்டில் 1851 முதல் 1888-ல் இறக்கும்வரை ரப்பியாக இருந்த சாம்சன் ராஃபேல் ஹிர்ஷ், மோசேயின் ஐந்து ஆகமங்களுக்கும் ஜெர்மன் மொழியில் விரிவுரை எழுதியவர். பாட்டி அந்தத் தடித்த தொகுதிகளைப் பிரித்து, வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாரத்துக்கான பகுதியை வாசிப்பார். ஹிர்ஷ் சொல்வதன் சாரம் இது. விலக்கப்பட்டது உழைப்பு அல்ல, ஆளுகை. இந்த உலகத்தின் ஒரு பொருளைத் தன் எண்ணப்படி வேறொன்றாக்கும் வல்லமை மனிதனிடம் இருக்கிறது. ஆறு நாள் அதைச் செய். ஏழாம் நாள் கையை எடுத்துவிடு. உலகம் உன் சொத்தில்லை என்பதற்கு அதுவே சாட்சி. அதனால்தான் வீட்டுக்குள் கனமான மேசையை இழுத்துப் போடலாம், தீக்குச்சி உரசக்கூடாது. 39 வேலைகளும் வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் கட்டத் தேவைப்பட்டவை. கடவுளுக்கு வீடு கட்டுவதற்கே அன்று விடுமுறை என்றால் மற்றதற்கு என்ன அவசரம்?

நல்ல விளக்கம்தான். ஆனால் இதை எனக்கு நம்பத்தக்கதாக்கியது ஹிர்ஷ் அல்ல, பாட்டியின் வாய்.

என் எபிரேயம் ஏவலில் தொடங்கியது. வேலைக்கு வந்தவள் முதலில் கற்பது எடு, வை, திற, மூடு, மெதுவாக, இன்னும் மேலே. எபிரேயத்தில் நீ, நீங்கள் என்ற வேறுபாடு கிடையாது. பிரதமரும் நீதான், பால்காரரும் நீதான். ஆனால் ஏவும்போதுகூட ஆணுக்கு ஒரு விகுதி, பெண்ணுக்கு ஒரு விகுதி. பெண்ணுக்கான எல்லா ஏவல் வடிவமும் ஒரு மாதத்தில் எனக்கு மனப்பாடம். நான் அவரைச் சாவ்தா, அதாவது பாட்டி, என்பேன். அவரிடம் நான் பேசியதை இங்கே நீங்கள் என்றே எழுதுகிறேன். என் வாய்க்கு வேறு மாதிரி வராது.

வெள்ளி மாலை சங்கு ஊதியதும் ஏவல்கள் நின்றுவிடும். யூதர் தான் செய்யக்கூடாததை அந்நியரைக் கொண்டும் செய்விக்கக்கூடாது என்பது விதி. நோயாளிக்கு விலக்கு உண்டு. பாட்டியும் தன் உடம்புக்கு வேண்டியதை வாய்விட்டுக் கேட்கலாம் என்று அவருடைய ரப்பி சொல்லியிருந்தார். குளிருக்கு எல்லோருமே நோயாளிகள் என்று சட்டத்தில் இரக்கமான ஒரு வரையறை இருக்கிறது, அதனால் ஹீட்டரையும் கேட்கலாம். மற்றதற்குக் குறிப்புதான். "பெட்டிக்குள் பல்பைக் கழற்ற மறந்துவிட்டோம்" என்பார், கூரையைப் பார்த்து. "அடுக்களை விளக்கு விடியும்வரை எரியப்போகிறது." அவ்வளவுதான். அது உலகத்தைப் பற்றிய ஒரு தகவல். அதை வைத்து நான் என்ன செய்கிறேன் என்பது என் பாடு.

அவர் அங்கேயும் நிற்கவில்லை. தாராளமாகக் கேட்கக்கூடிய ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட அன்று "கொண்டு வா" என்று சொன்னதில்லை. "எனக்குத் தாகமாக இருக்கிறது" என்பார். இது சட்டத்தில் இல்லை. அவருடைய அப்பாவின் வழக்கமாம். ஃபிராங்க்ஃபர்ட் வீட்டில் ஒரு கிறிஸ்தவப் பணிப்பெண் இருந்திருக்கிறாள். குளிர்காலத்தில் சனிக்கிழமை காலை அடுப்பு மூட்டியது அவள்தான். அவளிடம் அப்பா அந்த ஒரு நாள் எதையும் ஏவமாட்டார். ஆறு நாள் எஜமான், ஏழாம் நாள் தானும் வேறொருவருடைய வேலைக்காரன் என்பாராம். 1935 செப்டம்பரில் நியூரம்பெர்க் சட்டங்கள் வந்தன. 45 வயதுக்கு உட்பட்ட ஜெர்மானியப் பெண்கள் யூதர் வீட்டில் வேலை செய்யக்கூடாது என்பது அவற்றில் ஒரு பிரிவு. பணிப்பெண் அழுதுகொண்டே போனாள். அதன் பிறகு சனிக்கிழமைக் காலைகளில் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. இதைச் சொல்லும்போது பாட்டியின் குரலில் துக்கம் எதுவும் இல்லை. ரயில் அட்டவணை வாசிப்பதுபோலச் சொன்னார்.

ஏவல் என்பது ஆளுகையின் மிகச் சிறிய வடிவம். மண்ணை உழுவதற்குக் கலப்பை வேண்டும். ஒரு மனுஷியை எழுந்து ஓடவைக்க ஒரு சொல் போதும். ஓய்வுநாளில் பேச்சே வேறாக இருக்க வேண்டும் என்று ரப்பிகள் ஏசாயாவின் 58-ம் அதிகாரத்திலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள்; வியாபாரம் பேசாதே, நாளைய திட்டம் பேசாதே என்று. பாட்டி அதை இன்னும் ஒரு படி கொண்டுபோயிருந்தார். சம்பளம் கொடுப்பவர் வாரத்தில் ஒரு நாள் கட்டளையிடும் உரிமையைக் கழற்றி வைத்துவிட்டு, சுற்றியிருப்பதை வெறுமனே வர்ணிக்க மட்டும் செய்வது எப்படி இருக்கும் என்று இதைப் படிக்கும் எஜமானியம்மாக்கள் யோசித்துப் பார்க்கலாம்.

விளக்கு விஷயம் இன்னும் நுட்பமானது. குறிப்பாகச் சொல்லிக்கூட விளக்குப் போடவைக்கக்கூடாது, ஏனென்றால் அந்த வெளிச்சத்தை நேரடியாக அனுபவிப்பவர் அவர். ஆனால் நான் எனக்காகப் போட்டுக்கொண்டால் அவர் அதில் வாசிக்கலாம். மிஷ்னாவிலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. ரப்பான் கமாலியேலும் மூப்பர்களும் கப்பலில் வந்து சேர்ந்தது ஓய்வுநாளில். ஓர் அந்நியன் தான் இறங்குவதற்கு ஒரு பலகைப் பாதை அமைத்தான். அதன் வழியே அவர்களும் இறங்கினார்கள். அவன் தனக்காகச் செய்தான், அதனால் குற்றமில்லை.

ஆக, பத்தரைக்குக் கடிகாரம் விளக்கை அணைத்த பிறகு, தூக்கம் வராத அந்தப் பாட்டி குற்றமற்றவராக வாசிப்பது என் மனதைப் பொறுத்தது. என் கையை அல்ல, மனதை. யாருக்காகப் போட்டாய்? இதை நான் நடிக்கலாம். ஆரம்பத்தில் நடிக்கவும் செய்தேன். கண்ணாடியைத் தேடுகிறேன் என்று போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வேன். அவர் புத்தகத்தைத் திறக்கமாட்டார். இருட்டில் இருந்தது போலவே வெளிச்சத்திலும் சும்மா உட்கார்ந்திருப்பார். நான் உண்மையிலேயே அந்த வெளிச்சத்தைப் பயன்படுத்தினால்தான் அவருக்கு அது ஆகும். வேறு வழியில்லாமல் என் வேதாகமத்தை எடுத்துவந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். வெள்ளி இரவு வாசிப்பு எனக்குப் பழக்கமானது இப்படித்தான், பக்தியால் அல்ல. அவர் லேவியராகமம் வாசித்தால் நானும் தமிழில் லேவியராகமம். நம் ஊரில் யாரும் விரும்பிப் படிக்காத பலிகளும் குஷ்டரோக விதிகளும் அந்த விளக்கடியில்தான் எனக்குப் பரிச்சயமாயின.

எபிரேயத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பாட்டி மடியில் விரித்திருந்த வேத மூலமும், மறுநாள் கழித்து நான் தபால்பெட்டியிலிருந்து எடுத்துவரும் மின்கட்டண ரசீதும் ஒரே மொழி. மின்சாரத்துக்கான சொல்லையே எசேக்கியேலின் தரிசனத்திலிருந்து எடுத்து வைத்திருக்கிறார்கள். 1881-ல் இங்கே வந்த எலியேசர் பென் யெஹூதா, அடுத்த ஆண்டு பிறந்த தன் மகனிடம் எபிரேயம் தவிர வேறு எதுவும் பேசக்கூடாது என்று வீட்டையே பூட்டி வைத்தாற்போல வளர்த்தார். ஜெப மொழியைச் சந்தைக்கு இழுக்கிறாய் என்று எருசலேமின் பக்தர்கள் அவரை விலக்கி வைத்தார்கள். அந்தப் பக்தர்களின் குடியிருப்பான மேயா ஷெயாரிமில் இன்றும் பலர் வீட்டில் இத்திஷ் பேசுகிறார்கள்; எபிரேயம் வேதத்துக்கும் ஜெபத்துக்கும் மட்டும். ரெஹாவியாவிலேயே பல ஆண்டுகள் வாழ்ந்த கெர்ஷோம் ஷோலெம், மறைஞான ஆராய்ச்சியாளர், 1926-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்த ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைகுக்கு எழுதிய கடிதத்தில் வேறொரு பயத்தைச் சொன்னார். புனித மொழியை அன்றாடத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அதன் பழைய நெருப்பு அணைந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அது ஒருநாள் பேசுகிறவர்கள் மீதே வெடிக்கும் என்று. பாட்டிக்கு இரண்டு பயமும் இல்லை. மீன்காரரோடு பேரம் பேசிய அதே வாயால் ஜெபித்தார். மொழியைத் தனியாக ஒதுக்கி வைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை, ஒரு நாளை ஒதுக்கியிருந்ததால். அந்த நாளில் அதே மொழி தானாகவே வேறு மாதிரி பேசியது.

இனி என் வழக்கு. யாத்திராகமத்தின் பத்துக் கட்டளையில் ஓய்வுநாளுக்குச் சொல்லப்படும் காரணம் சிருஷ்டிப்பு. உபாகமத்தில் காரணம் மாறுகிறது: எகிப்தில் நீ அடிமையாக இருந்தாய், அதை நினை. இரண்டு இடத்திலும் வேலைக்காரனும் வேலைக்காரியும் வாசலுக்குள் இருக்கும் அந்நியனும் ஓய்ந்திருக்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. நான் வேலைக்காரி, நான் அந்நியள், வாசலுக்குள்தான் இருக்கிறேன், அடுத்த அறையில். "சாவ்தா, இதில் என் பேர் இருக்கிறதே?" என்று ஒரு வெள்ளி இரவு விரலை வைத்துக் காட்டினேன்.

அவர் அசரவில்லை. அங்கே சொல்லப்படும் அந்நியன் யூத மார்க்கத்தில் சேர்ந்தவன், அல்லது சிலையை விட்டுவிட்டு இவர்களோடு குடியிருக்க ஏற்றுக்கொண்டவன். வேலைக்காரனும் அந்த வீட்டின் கட்டளைகளுக்கு உட்பட்டவன். கூலிக்கு வந்து போகிற பிற தேசத்தாள் அதில் வரமாட்டாள். இது அவர் கண்டுபிடித்ததல்ல, ஆயிரத்து எண்ணூறு ஆண்டு உரை மரபு. எனக்கு வாராவாரம் சனி இரவு முதல் ஞாயிறு இரவுவரை 25 மணி நேரம் விடுப்பு உண்டே என்றும் நினைவூட்டினார். உண்டுதான், மற்ற நாட்களில் இரவும் பகலும் மணிக்கணக்கே கிடையாது. இஸ்ரேலின் வேலைநேர, ஓய்வுச் சட்டம் 1951-ல் வந்தது. தொழிலாளிக்கு வாரம் 36 மணி நேரத் தொடர் ஓய்வு, யூதர் அல்லாதவர் தமக்கு உகந்த நாளைத் தேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லும் நல்ல சட்டம். ஓய்வுநாளின் பேரப்பிள்ளை என்றே அதைச் சொல்லலாம். ஆனால் வீட்டோடு தங்கிப் பராமரிப்பவர்களுக்கு மிகைநேரக் கூலி தர அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குக்குக் காரணமானவர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஒரு பராமரிப்பாளர். 2013-ல் பெரிய அமர்வு மறுபடி விசாரித்தபோதும் பெரும்பான்மை நீதிபதிகள் அதையே உறுதிசெய்தார்கள். மிஷ்னாவின் பட்டியலில் இல்லாதது நாடாளுமன்றத்தின் பட்டியலிலும் இல்லை.

நான் பாட்டியின் பதிலை ஏற்கவில்லை. சொன்னேன். "ஏற்க வேண்டாம்" என்றார், புத்தகத்திலிருந்து கண் எடுக்காமல். "நன்றாகப் படி, அடுத்த வாரம் இன்னும் நல்ல கேள்வியாகக் கொண்டு வா." ஏவல்தான் அது. கவனித்தேன், சொல்லிக்காட்டவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு வெள்ளி இரவு எனக்கு மூச்சு முட்டியது. சிறுவயதிலிருந்தே உள்ள ஆஸ்துமா. இன்ஹேலருக்கு அடங்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இழுத்த சத்தம் அவர் அறைக்குக் கேட்டிருக்கிறது. தனியாக எழுந்திருக்கக்கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்த அவர், வாக்கரைத் தள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அங்கேதான் தொலைபேசி. என் கதவு திறந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. ஆள்காட்டி விரலை மடக்கி, கணுவால், 1, 0, 1 என்று அழுத்தினார். ஆம்புலன்ஸுக்கான எண். தெரு, கதவு எண், மாடி, படிக்கட்டு எந்தப் பக்கம் என்று நிதானமாகச் சொன்னார். சில நிமிடங்களில் தலையில் கிப்பா என்ற யூதத் தொப்பி அணிந்த ஓர் இளைஞர் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். அவரும் ஓய்வுநாள் காப்பவர்தான். ரிசீவரைப் பாட்டி திரும்ப வைக்கவில்லை. மேசையில் அப்படியே கிடந்தது, சனி மாலை வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை. இதை அவருடைய பேத்தி பின்னர் சொன்னாள்.

ஏன் கணு? உயிருக்கு ஆபத்து என்றால் ஓய்வுநாள் விதிகள் விலகிவிடும், ஐயம் இருந்தாலே போதும். ஓய்வுநாள் உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதே தவிர நீங்கள் அதனிடம் ஒப்படைக்கப்படவில்லை என்ற பொருளில் ரப்பிகளே சொல்லியிருக்கிறார்கள். ஓய்வுநாள் பாடசாலையில் இயேசு ஒருவர் மட்டுமே சொன்னதாக நாங்கள் கற்ற கருத்துக்கு மிக அருகில். ஆனால் தாமதமில்லாமல் முடியுமென்றால், செய்வதை வழக்கத்துக்கு மாறான விதத்தில் செய் என்று ஒரு வழிகாட்டல் இருக்கிறது. விரல் நுனிக்குப் பதில் கணு. உயிர் காக்க அழைக்க வேண்டியிருந்தது, அழைத்தாயிற்று. ரிசீவரை வைப்பது யார் உயிரையும் காக்காது, ஆகவே வைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, கசப்பானது. விலகுவது யார் உயிருக்காக? பழைய நூல்கள் யூத உயிரைப் பற்றித்தான் அப்படி உறுதியாகப் பேசுகின்றன. பிறரைப் பற்றித் தயங்குகின்றன, சில இடங்களில் மறுக்கவும் செய்கின்றன. இன்று எந்த மருத்துவமனையிலும் அப்படி நடப்பதில்லை, ரப்பிகளும் மீறச் சொல்கிறார்கள். காரணங்கள்தான் வேறு வேறு. செய்யாவிட்டால் பகை வளரும் என்பது ஒரு காரணம். அது எனக்கு இனிக்கவில்லை. 13-ம் நூற்றாண்டில் தெற்கு பிரான்ஸில் மெனாஹெம் மெயீரி என்ற ரப்பி வேறு மாதிரி எழுதினார்: நெறிக்கும் சட்டத்துக்கும் கட்டுப்பட்டு வாழும் எந்த மக்களும் இந்த விஷயங்களில் யூதருக்குச் சமம்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு கேட்டேன். "என்னைக் காப்பாற்றியது எந்தக் காரணத்துக்காக, சாவ்தா? பகைக்குப் பயந்தா, மெயீரி சொன்னதாலா?"

"காரணத்தைத் தேர்ந்தெடுக்க நேரமில்லை" என்றார். "கணுவைத் தேர்ந்தெடுக்க மட்டும் இருந்தது."

இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருத்தி மூச்சுக்குத் திணறும்போது விரல் நுனியா கணுவா என்று பார்க்கிற மதம் ஒரு மதமா என்று எங்கள் போதகர் கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் அந்தக் கட்டிலில் இருந்தவள். பாட்டி ஒரு கணமும் தாமதிக்கவில்லை. எண்பது வருடம் அந்த நாளில் ஒரு பொத்தானையும் தொடாத கை அது. எனக்காகச் சட்டத்தைத் தூக்கி எறிந்திருந்தால், எறியக்கூடிய ஒன்றை எறிந்தார் என்று ஆகியிருக்கும். ஏமாற்றுகிறவர்களுக்குக் கணு தேவைப்படாது. யாரும் பார்க்காத கூடத்தில், நடுராத்திரியில், அவர் யாருக்காக விரலை மடக்கினார்? ஓய்வுநாள் பாடசாலை டீச்சர் இருந்தால் இதைக் கேட்டிருப்பேன்.

பிறகு பாட்டி மகனையும் பேத்தியையும் கூப்பிட்டு ஓர் ஏற்பாடு செய்தார். மாதத்தில் இரண்டு ஓய்வுநாள் பேத்தி வந்து தங்குவாள். வெள்ளி மதியத்திலிருந்தே எனக்கு விடுப்பு. என் கேள்வி ஜெயித்துவிட்டது என்று நினைத்தேன். "இல்லை" என்றார். "உரைகாரர்கள் சொன்னது சொன்னதுதான். இது உன் நுரையீரலுக்காக." சட்டத்தை விட்டுக்கொடுக்காமல் என்னை நோயாளிகளின் பிரிவில் சேர்த்து ஓய்வு கொடுத்தார். மற்ற ஓட்டைகளைப் போல இதுவும் ஒன்று, இந்தத் தடவை எனக்காகச் செதுக்கியது. ஏற்றுக்கொண்டேன்.

அந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கல். பேத்தி யூதப் பெண். பத்தரைக்குப் பிறகு அவள் தனக்காகவும் விளக்குப் போட முடியாது. முதல் தடவை பாட்டி ஹிர்ஷை மடியில் வைத்துக்கொண்டு நள்ளிரவுவரை இருட்டில் உட்கார்ந்திருந்தார் என்று பேத்தி வருத்தப்பட்டாள். அடுத்த முறை நான் கிளம்பும் வெள்ளி மதியம், பையைத் தோளில் மாட்டியபோது பாட்டி கூப்பிட்டார். "கடிகாரத்தைப் பன்னிரண்டரைக்குத் தள்ளி வை. சரியாக வை. போன மாதம் நீ வைத்தது நான்கு நிமிடம் முந்தி அணைந்தது."